அழகாகச் சொன்ன குற்றங்கள்

போன மாதம் முழங்கால் வலிக்காகத் தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். என் மகனைவிடச் சின்ன வயது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க டைல்ஸ் போடற வேலை பாத்தவரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்க, காலேஜ் ப்ரொஃபசர். ரிட்டயர்டு" என்றேன். ப்ரொஃபசரைக் கொஞ்சம் சத்தமாகவும் ரிட்டயர்டை மெதுவாகவும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தப்பா நெனைக்காதீங்க சார். தரையில முட்டி போட்டே வேலை பாக்கறவங்களுக்குத்தான் இப்படித் தேயும்" என்றார்.

மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோதுதான் உறைத்தது. டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து ஐந்து வருஷம் நான் முட்டி போட்டே காலம் தள்ளியவன். அதுவும் எதற்காக? தாழ்மை கற்றுக்கொள்வதற்காக. ஐந்து வருஷம் தாழ்மை படித்தவனுக்கு, ஒருவர் டைல்ஸ் வேலைக்காரர் என்று நினைத்துவிட்டதில் முகம் கறுத்துவிட்டது. படித்த லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மடத்தில் இருந்த கதை என் பழைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. குடமுருட்டி ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நாலு பக்கமும் வயலாக, நடுவில் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். கிறிஸ்தவத் துறவு மடம். பதினான்கு பேர் இருந்தோம். ஒரு நாளைக்கு ஏழு முறை மணி அடிக்கும், ஏழு முறை ஜெபம். மணிக்கும் மணிக்கும் நடுவே வயலில் வேலை. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிற கூட்டம் எங்கள் வாசலில் மோர் குடிக்க நிற்கும். அவர்கள் எங்கள் வெள்ளை அங்கியைப் பார்த்துக் கும்பிடும்போது நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன். அந்தச் சாய்வை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மூன்று முறை பழகிப் பார்த்திருக்கிறேன் என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

மடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜெபமோ பாட்டோ இல்லை, தரை. காவி கலந்து இழைத்த சிமெண்டுத் தரை. சனிக்கிழமை தோறும் தேங்காய் நாரில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்போம். அந்த மண்ணெண்ணெய் வாசனை எனக்கு மூக்கில் இல்லை, உதட்டில்தான் நினைவிருக்கிறது. வாரா வாரம் அந்தத் தரையை முத்தமிட்டவன் நான்.

அது வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில். பழைய காலத்துத் துறவிகளின் வழக்கம். வெளியுலகில் மற்ற மடங்களெல்லாம் எப்போதோ கைவிட்டுவிட்டன. எங்கள் தலைவர் சாமி மட்டும் பிடிவாதமாக வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் எல்லோரும் நீள அறையில் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்காருவோம். ஒவ்வொருவராக நடுவில் வந்து முட்டி போட்டு, அந்த வாரம் தான் செய்த வெளிக் குற்றங்களைச் சொல்ல வேண்டும். தட்டை உடைத்தேன், ஜெபத்துக்குப் பிந்தி வந்தேன், இந்த மாதிரி. சொல்லி முடித்ததும் குனிந்து தரையை முத்தமிட வேண்டும். இது முதல் பாதி. இரண்டாம் பாதியில், ஒருவர் செய்த தவறை இன்னொருவர் எழுந்து சொல்லலாம். "அன்பின் பேரில் சொல்கிறேன்" என்று ஆரம்பித்துத்தான் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. செய்தவராக இருந்தாலும் சரி, செய்யாதவராக இருந்தாலும் சரி, நடுவில் வந்து தரையை முத்தமிட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும். அதுதான் தாழ்மை.

சிலர் வியாழக்கிழமையிலிருந்தே அந்தக் கூட்டத்தை நினைத்துப் பயப்படுவார்கள். எனக்கோ அதுதான் கச்சேரி. குற்றம் சொல்வதில் எனக்கென்று ஒரு நடை இருந்தது. தட்டை உடைத்தேன் என்று சொல்ல மாட்டேன். "எளியவர்களின் உழைப்பில் வந்த ஒரு பாத்திரத்தை என் கவனமின்மைக்குப் பலி கொடுத்தேன்" என்பேன். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு அதில் எழுதி, அடித்து, திருத்தித் தயார் செய்வேன். பெரிய குற்றம் எதுவும் இருக்காது. பெரிய குற்றம் செய்கிற ஆளா நான்? சின்னக் குற்றங்களைத்தான் பெரிய மனதோடு சொல்வேன். தலைவர் சாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்லது" என்பார். அந்த 'நல்லது' ஒரு வாரத்துக்குப் போதும் எனக்கு.

தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் என்று பழைய துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அநியாயத்தையும் முணுமுணுக்காமல் தாங்குவது நாலாவது படி. செய்த தவறை மறைக்காமல் தலைவரிடம் சொல்வது ஐந்தாவது. எல்லோரிலும் தான் கீழானவன் என்று உள்ளுக்குள்ளேயே நம்புவது ஏழாவது. மடத்தில் சேர்ந்த எட்டாவது மாதமே நான் ஏழாம் படியில் ஏறிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. கூட இருந்தவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் சவரி. நானும் அவரும் ஒரே நாளில் மடத்தில் சேர்ந்தவர்கள், ஒரே வயது. இரண்டு வருஷப் பயிற்சி முடிந்து, அந்த ஆகஸ்டு மாதா திருநாளில் இருவரும் முதல் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். வார்த்தைப்பாடு என்றால் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் ஒருவர் மடத்துக்காரர் ஆகிறார். சவரி வலங்கைமான் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரு மிராசுதார் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டிலோ நிலம் குத்தகைக்கு விட்டிருந்தோம், அப்பா தலைமையாசிரியர். மடத்தில் இதெல்லாம் கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், எல்லோருக்கும் வாங்க போங்கதான். ஆனால் வயல் பொறுப்பு சவரிக்கும் நூலகப் பொறுப்பு எனக்கும் வந்து சேர்ந்திருந்தது. அது எப்படி அப்படி அமைந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சவரிக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச வராது. "கோவப்பட்டுட்டேன்" என்பார், முத்தமிடுவார், போய்விடுவார். ஆனால் வயலில் அவர் வேறு ஆள். வாய்க்கால் தண்ணீரைக் காலால் அளந்தே எவ்வளவு நேரம் பாய்ச்ச வேண்டும் என்று சொல்வார். அவருடைய அம்மா மாதம் ஒரு முறை அவரைப் பார்க்க வருவார். நடவு வேலை செய்து விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வாசல் வேப்பமரத்தடியிலேயே நிற்பார், உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார். எங்கள் யாரைப் பார்த்தாலும் "தோத்திரம் சாமி" என்று கும்பிடுவார். என்னையும் சாமி என்பார். மகனுடைய வார்த்தைப்பாட்டுக்கு ஊர் மொத்தமும் டிராக்டரில் வருவதாகச் சொன்னார். அதற்கென்று புடவை எடுத்தாகிவிட்டது என்று சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்த வருஷம் குறுவை நெல்லுக்கு மேட்டூர் அணையில் நேரத்தோடு தண்ணீர் விட்டார்கள். எட்டு ஏக்கர் குறுவைக்கும் சேர்த்து ஒரே நாற்றங்கால். சவரிதான் முளைகட்டின விதையைத் தெளித்தார். மறுநாள் வியாழக்கிழமை. உரம் வாங்கி வரும்படி அவரைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் நூலகத்துக்கு வந்து, வாசலிலேயே நின்று, "பிரதர், நாத்தங்காலுக்கு மடை லேசாத் தொறந்திருக்கு. மூணு மணிக்கு மட்டும் போயி அடைச்சிடறீங்களா? பலகைய வரப்புலயே வச்சிருக்கேன்" என்றார்.

"இதுக்கென்ன, போயிட்டு வாங்க" என்றேன்.

மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய். அங்கே ஒரு பலகையைச் செருகி, மண்வெட்டியால் இரண்டு வெட்டுச் சேற்றை அணைத்தால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை. மூன்று மணிக்கு நான் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை அல்லவா? கதவை ஓசையோடு சாத்தியதைப் பற்றி ஒரு வாக்கியம் சரியாக அமையவில்லை. "சகோதரர்களின் மௌனத்தைக் கதவால் அடித்தேன்" என்று எழுதி, 'அடித்தேன்' கொஞ்சம் முரடாக இருக்கிறதே என்று 'காயப்படுத்தினேன்' ஆக்கினேன். மணி அடித்தது. ஜெபத்துக்குப் போனேன். அப்புறம் சாப்பாடு, அப்புறம் தூக்கம். மடை என் நினைவில் எங்குமே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வாய்க்காலில் எங்கள் முறைக்கு விட்ட தண்ணீர் பெருகி நாற்றங்கால் குளமாகிக் கிடந்தது. தெளித்த விதையெல்லாம் மிதந்து போய் ஒரு மூலையில் நுரையோடு ஒதுங்கியிருந்தது. இரவு கடைசி பஸ்ஸில் திரும்பியிருந்த சவரி முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அதை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அப்போதுதான் மூன்று மணி நினைவுக்கு வந்தது.

அன்றைய கூட்டத்தில் என் முறை முன்னாடியே வந்துவிட்டது. முட்டி போட்டேன். சொல்லிவிடலாம் என்றுதான், சத்தியமாக, முட்டி போட்டேன். வாயைத் திறந்தபோது வந்தது கதவுதான். காயப்படுத்திய மௌனம், ஜெபத்தில் சிரித்தது, சாம்பாரில் உப்பில்லை என்று மனதில் முணுமுணுத்தது. எல்லாம் நோட்டில் எழுதியபடி, ஒரு சொல் பிசகாமல். தலைவர் சாமி "நல்லது" என்றார்.

சவரி தன் முறையில் வழக்கம் போல "கோவப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் பண்டகப் பொறுப்பில் இருந்த மூத்த பிரதர் எழுந்தார். "அன்பின் பேரில் சொல்கிறேன். நாற்றங்கால் மடையைத் திறந்து போட்டு மடத்தின் விதையை அழித்தது பிரதர் சவரி." அவ்வளவுதான். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. தலைமையாசிரியர் மகன் ஒரு மடையை அடைக்க மறந்திருப்பான் என்று நினைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வயல் என்றால் சவரி, தப்பு என்றால் வயல்காரர் தப்பு.

சவரி எழுந்து நடுவில் வந்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையை முத்தமிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சலுகை உண்டு. தனக்காகப் பேசக்கூடாதே தவிர, இன்னொருவருக்காகப் பேசலாம். "அது நான்" என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். நான் எழவில்லை. பயந்தேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நான் அப்போது நினைத்தது அதைவிடக் கேவலம். எவ்வளவு அழகாகத் தாங்கிக்கொள்கிறார், நாலாவது படியில் நிற்கிறார், இப்போது குறுக்கே எழுந்து அவருக்குச் சேர வேண்டிய புண்ணியத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். என் மூளைக்கு அப்படி ஒரு நெளிவு சுளிவு. அந்த ஐந்தாவது படி எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மத்தியானம் கிணற்றடியில் சவரி வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "பிரதர், மூணு மணிக்கு மறந்துட்டீங்களா?" என்றார். கேட்டதில் கோபமே இல்லை. எனக்கு அது இன்னொரு வாய்ப்பு. "நான் அடைச்சேனே. அப்புறம் யாரோ தொறந்திருப்பாங்க" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். "அப்படிங்களா. சரிங்க பிரதர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் சவரி சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் முட்டி போட்டுச் சாப்பிட்டார். அது தண்டனை. அத்தோடு போயிருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். ஜூலையில் மூத்தவர்கள் கூடி எங்கள் இருவரைப் பற்றியும் முடிவு செய்தார்கள். சவரிக்குப் பொறுப்பு போதாது, வார்த்தைப்பாடு ஒரு வருஷம் தள்ளி என்று வந்தது. அவர் அதையும் தரையை முத்தமிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். "அம்மாகிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஒரு துணிப்பையோடு ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மாதா திருநாளில் நான் மட்டும் வார்த்தைப்பாடு கொடுத்தேன். தலைவர் சாமி பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லி, தன் குற்றத்தை இவரைப் போல உணர்ந்து சொல்கிறவரை நான் கண்டதில்லை என்றார். என் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டேன். மூன்று வருஷம் கழித்து மடத்தை விட்டு வெளியே வந்தேன். குற்ற உணர்ச்சியால் வந்தேன் என்று கதை கட்டலாம்தான். கல்லூரியில் வேலை கிடைத்தது, வந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் பஸ் ஏறினேன். இத்தனை வருஷம் போகாத கால் ஏன் அன்று போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. முதலில் மடத்துக்குத்தான் போனேன். யாராவது ஒருவரிடம் முட்டி போட்டு அந்த மடையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு. அங்கே மடம் இல்லை. தலைவர் சாமி எப்போதோ இறந்துவிட்டார். மிஞ்சியிருந்தவர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டடத்தைப் பயிற்சிக் கூடமாக்கி, காவித் தரை மேல் வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். "யாரப் பாக்கணும் சார்?" என்று வாட்ச்மேன் கேட்டார். சொல்வதற்குப் பெயர் எதுவும் இல்லை.

சவரியின் ஊர் தெரியும். போய்க் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். மாடி வைத்த வீடு, வாசலில் பவர் டில்லர். மூன்று ஏக்கர் சொந்தமாகவே வாங்கியிருக்கிறார். மகள் சென்னையில் நர்ஸ். தலை நரைத்திருந்ததே தவிர ஆள் அப்படியே இருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பிரதரா? வாங்க, வாங்க" என்றார். நாற்காலி போட்டார், அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் டீயைத் தொடவில்லை.

"சவரி, அன்னைக்கு மடைய அடைக்க மறந்தது நான்தான். அடைச்சேன்னு சொன்னது பொய்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. நோட்டில் எழுதிப் பார்க்காத ஒரே குற்றம் அது.

"தெரியுங்க பிரதர்" என்றார் அவர். "பலகை நான் வச்ச எடத்துலயே காஞ்சு கெடந்துச்சு. அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது?" என்று சிரித்தார். "எங்கப்பாவப் பண்ணையில வச்சு யாராவது ஏதாச்சும் சொன்னா, குனிஞ்சு தரையத் தொட்டுட்டு நிப்பாரு. செஞ்சிருந்தாலும் நிப்பாரு, செய்யலன்னாலும் நிப்பாரு. மடத்துல வந்து பாத்தா அதுக்குத் தாழ்மைன்னு பேரு வச்சிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அது தாழ்மையில்ல, பயம்னு."

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். அவர் கையை ஆட்டி, "அத விடுங்க. எனக்கு நல்ல பொழப்புதான் அமைஞ்சுது, பொண்டாட்டி புள்ளன்னு. அம்மாவுக்குத்தான்..." என்று நிறுத்தினார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாகிட்ட மட்டும் நான் செய்யலன்னு சொன்னேன். அது நம்பல. 'சாமிங்க பொய் சொல்லுவாங்களாடா, நீதான் தூங்கியிருப்பே'ன்னுச்சு. கடைசி வரைக்கும் அதே பேச்சுதான். எம்மவகிட்டயே சொல்லும், ஒங்கப்பன் மடையத் தொறந்து போட்டுட்டுக் கோயில் வேலைய விட்டுட்டு வந்தவன்னு. ஒரு வருஷம் படுக்கையில கெடந்துச்சு. பேரு மறந்து, ஆளு மறந்து, எல்லாம் மறந்துடுச்சு. நான் வயலுக்குப் போயிட்டு வந்தா மட்டும் கேக்கும், 'மடைய அடைச்சியாடா?' அடைச்சிட்டேம்மான்னு சொல்லுவேன். நம்பாது."

"எப்ப இறந்தாங்க?" என்றேன்.

"இந்த ஆடியில. ரெண்டு மாசம் ஆவுது." என் பக்கம் திரும்பினார். குரலில் அப்போதும் கோபம் இல்லை. "வந்ததுதான் வந்தீங்க, ஆடிக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா பிரதர்? நான் சொன்னாத்தான் நம்பாது. நீங்க சொன்னா நம்பியிருக்கும். உங்கள அது சாமின்னுல்ல சொல்லும்."

அம்மா எங்கே படுத்திருந்தார் என்று கேட்டேன். கூடத்து மூலையைக் காட்டினார். கட்டிலை எடுத்துவிட்டு அங்கே நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.